குறட்டைக்கு மெஷினா? முதல்ல டாக்டர் சீட்டு!

வீட்டுக்காரருக்குத் தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருதுன்னு ஆன்லைன்ல சிபாப் மெஷின் (மாஸ்க் வழியா காத்தை அழுத்தி மூச்சுக்குழாயைத் திறந்து வைக்கிறது) தேடுறியாமே? போனைக் கீழ வை. டெஸ்ட்டும் சீட்டும் இல்லாம வாங்கினா காசும் போகும், மூச்சுத்திணறலும் தீராது.

1. அவர் தூங்கும்போது ரெண்டு நிமிஷம் வீடியோ எடு. பகல்ல தூங்கி விழறது, காலைத் தலைவலி, பிபி மாத்திரை எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதிக்கோ. டாக்டர் முன்னாடி "எனக்கு ஒண்ணுமில்ல"ன்னுதான் சொல்வார். நீயும் கூடப் போ.

2. நுரையீரல் டாக்டரைப் பாரு. நம்ம சென்னை சேலையூர்லேர்ந்து தாம்பரம் போய் பீச் பக்கம் போற ரயில் ஏறினா அடுத்த ஸ்டேஷனே சானடோரியம். 1928-லேர்ந்து இருக்கிற நெஞ்சக மருத்துவமனை அங்கதான்.

3. ஸ்லீப் டெஸ்ட் எழுதுவாங்க. பலருக்கு வீட்டிலேயே செய்யலாம். இதய நோயோ, பக்கவாதமோ வந்திருந்தா மறைக்காம சொல்லு. அப்படிப்பட்டவங்களுக்கு லேப்ல ஒரு ராத்திரி படுக்கிற டெஸ்ட்தான் சரி. ரிப்போர்ட்ல ஏஹெச்ஐ எண்ணைப் பாரு. மணிக்கு எத்தனை தடவை மூச்சு நிக்குது, குறையுதுங்கிற கணக்கு அது. 5-லேர்ந்து லேசு, 15-லேர்ந்து நடுத்தரம், 30-ஐத் தொட்டா கடுமை.

4. "சிபாப்"னு ஒரே வார்த்தை எழுதின சீட்டோட வெளிய வராதே! ஏன்னா மிச்சத்தைக் கடைக்காரர் முடிவு பண்ணிடுவார். இதெல்லாம் இருக்கணும்:
• நோயின் பேரு, ஏஹெச்ஐ
• சிபாப்பா, பிரஷரைத் தானே மாத்திக்கிற ஆட்டோவா, பைபாப்பா (பைபாப் விலை அதிகம், தேவையில்லாம தலையில கட்ட விடாதே)
• பிரஷர் எவ்வளவு. ஆட்டோன்னா எதுலேர்ந்து எது வரைக்கும்
• மூக்கு மாஸ்க்கா, வாயையும் மூடுறதா
• காத்தை ஈரப்படுத்தற ஹியூமிடிஃபையர் வேணுமா
• டாக்டர் கையெழுத்து, பதிவு எண், தேதி

5. இன்ஷூரன்ஸோ, சிஜிஹெச்எஸ், ஈசிஹெச்எஸ் கார்டோ இருந்தா, வாங்குறதுக்கு முன்னாடி கேளு. பில்லைக் காட்டி அப்புறம் கெஞ்சாதே.

6. பழைய மெஷின் மலிவா வருதுன்னு தாவாதே. உள்ளே இருக்கிற ஃபோம் உதிருதுன்னு 2021-ல பிலிப்ஸ் கம்பெனியே லட்சக்கணக்கான மெஷின்களைத் திரும்பக் கூப்பிட்டது. அதுல ஒண்ணு உன் கைக்கு வந்துடலாம்.

7. ஹியூமிடிஃபையர்ல நம்ம போர் தண்ணியை ஊத்தாதே, உப்புப் படியும். டிஸ்டில்டு வாட்டர் வாங்கு.

8. மாஸ்க்கைப் படுத்துப் போட்டுப் பார்த்து வாங்கு. உட்கார்ந்தா சரியா இருக்கிறது படுத்தா காத்து கசியும். ஒரு மாசத்துல மெஷின்ல இருக்கிற மெமரி கார்டை எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்ட போ. பிரஷரை மாத்தணுமான்னு அதைப் பார்த்துதான் சொல்வாங்க.