புல்வெளியின் சின்னப் பாடகன்

மாணவியரே, புல்தண்டில் ஒட்டியிருக்கும் சிறு பச்சைப் பூச்சியைக் கண்டதுண்டா? அது கோனோசெபாலஸ் மாகுலேட்டஸ் ஆக இருக்கலாம். 1841இல் லெ கில்லூ என்ற பிரெஞ்சுக்காரர் இதை முதன்முதல் விவரித்தார்.

சாதாரண வெட்டுக்கிளிக்கு உணர்கொம்பு குட்டை. இதற்கோ உடலைவிட நீளம். சாய்ந்த முகம், தலைமுதல் முதுகுவரை பழுப்புப் பட்டை, சிறகில் கரும்புள்ளிகள் ஆகியவை அடையாளங்கள். செவிகள் முன்னங்கால்களில் உள்ளன! ஆண் பூச்சி முன்சிறகுகளை உரசிப் பாடும். பெண்ணின் பின்முனையில் வாள் போன்ற உறுப்பு உண்டு. அது கொட்டும் கொடுக்கு அன்று; முட்டையிடும் கருவி. ஆகவே அஞ்சி நசுக்காதீர்கள்.

நெருங்கினால் தண்டின் மறுபுறம் ஒளியும். அசையாமல் நின்று பாருங்கள். புல்லை அடியோடு வெட்டினால் அதிலுள்ள முட்டைகளும் அழியும். இறைவன் படைத்த இச்சிற்றுயிருக்காக மைதானத்தில் ஒரு மூலைப் புல்லையாவது விட்டுவைப்போமே!