நம்ம செயலி எந்தச் சந்தையில் விற்கும்?

"கம்ப்யூட்டர் படிக்கிறியே, ஒரு ஆப் செஞ்சா பணக்காரனாயிடலாமே!" தீபாவளிக்கு வீட்டுக்கு வர்ற மாமா, சித்தப்பா எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க. நல்லா நிரல் எழுதத் தெரிஞ்சா போதும்னு நானும் நம்பினேன். பல்கலைக்கழகத்தில் பொருளியல் பாடம் எடுத்த பிறகுதான் புரிந்தது: வருமானத்தைத் திறமை மட்டும் முடிவு செய்வதில்லை. எந்த வகைச் சந்தையில் விற்கிறோம் என்பதும் முடிவு செய்கிறது. சந்தை நான்கு வகை.

1. நிறைவுப் போட்டி
பாசார் மாலாமில் பத்துக் கடையில் ஒரே கரும்புச் சாறு. ஒருவர் மட்டும் விலையை ஏற்றினால், வாங்க வந்தவர் பக்கத்துக் கடைக்குப் போயிடுவார். சிறு கடைகளுக்குச் சாதாரண இணையப்பக்கம் செய்து கொடுப்பதும் கிட்டத்தட்ட இப்படித்தான். நாம் 800 ரிங்கிட் கேட்டால், இன்னொருவர் 500க்குச் செய்வார். விலையை நாம் வைப்பதில்லை, சந்தை வைக்கிறது.

2. முற்றுரிமைப் போட்டி
இங்கேயும் விற்பவர்கள் நிறைய பேர். ஆனால் ஒவ்வொருவர் பொருளும் கொஞ்சம் வேறு. மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' நல்ல எடுத்துக்காட்டு. விசைப்பலகைச் செயலிகள் எத்தனையோ உண்டு. இது கைப்பேசியில் தமிழ் எழுதுபவரின் தேவையை அறிந்து செய்யப்பட்டது. அந்த வேறுபாடுதான் பலம்.

3. சிலர் முற்றுரிமை
விற்பவர் சிலரே. கைப்பேசிச் செயலிகளை விற்க நமக்கு முக்கியமாக இருப்பவை ஆப்பிள், கூகுள் என்ற இரண்டு கடைகள்தான். பல ஆண்டுகளாக இரண்டும் 30 விழுக்காடு கழிவு எடுத்தன. 10 ரிங்கிட் செயலி விற்றால் நம் கைக்கு 7 ரிங்கிட். 2021இல்தான், ஆண்டுக்கு ஒரு மில்லியன் அமெரிக்க டாலர் வரையான வருமானத்துக்கு 15 விழுக்காடாகக் குறைத்தன.

4. முற்றுரிமை
ஒருவரே விற்பவர். 2018 மார்ச்சில் ஊபரின் தென்கிழக்காசியத் தொழிலை கிராப் வாங்கியது. சந்தை ஏகபோகத்தை நெருங்கியது. சிங்கப்பூரின் போட்டித்தன்மை ஆணையம் அதே ஆண்டு செப்டம்பரில் இரு நிறுவனங்களுக்கும் சேர்த்து ஏறக்குறைய 13 மில்லியன் வெள்ளி அபராதம் விதித்தது. பயணிக்கு மட்டுமா பாதிப்பு? அந்தத் துறையில் வேலை தேடும் நிரலாளருக்கும் ஒரு முதலாளி குறைந்துவிட்டார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நாம் ஒரே நேரத்தில் இரண்டு சந்தையில் நிற்கிறோம். பாசார் மாலாமில் கடைகள் நூறு இருக்கலாம். திடலின் சொந்தக்காரர் ஒருவரோ இருவரோதான். நூறு கடைக்காரர்களும் தங்களுக்குள் விலையைக் குறைத்துப் போட்டி போடுவார்கள். திடல் வாடகை மட்டும் குறையாது. செயலி எழுதுபவரின் நிலையும் அதுதான்.

அதற்காகப் பயப்பட வேண்டாம். திடலை நாம் மாற்ற முடியாது, கடையை மாற்றலாம். முதல் வகையிலிருந்து இரண்டாவது வகைக்கு நகர்வது நம் கையில் இருக்கிறது. நம் கோயில், நம் தமிழ்ப்பள்ளி, நம்ம ஊர்ச் சிறுதொழில் இவற்றின் தேவை வெளியாளைவிட நமக்கு நல்லாத் தெரியும்.

அடுத்த வாரக் கூட்டத்துக்கு ஒரு பயிற்சி: உங்கள் கைப்பேசியில் உள்ள ஐந்து செயலிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் எந்தச் சந்தையில் இருக்கிறது? அதற்கு மாற்று எத்தனை? விலையை வைப்பது யார்? எழுதிக்கொண்டு வாங்க, பேசலாம்.