சிறு பெண்ணின் சொல்

வேதபாடம்: 2 இராஜாக்கள் 5:1–14, யாத்திராகமம் 18:13–24, அப்போஸ்தலர் 18:24–28

கிறிஸ்துவுக்குள் பிரியமான பங்காளர்களே,

இந்த இதழின் வேதபாடத்துக்கு நாகமானின் சரித்திரத்தை எடுத்துக்கொள்கிறோம். மருத்துவமனையில் ஊழியம் செய்கிறவர்களுக்கு இது சொந்த வீட்டுக் கதை போன்றது. வியாதிக்காரர் ஒருவர், அவரோடு வந்த கூட்டம், செலவுக்கென்று கட்டிக்கொண்டுவந்த பணம், எங்கே போவது என்ற குழப்பம், வைத்தியர் வெளியே வந்து முகம் பார்த்துப் பேசவில்லையே என்ற கோபம். எங்கள் வெளிநோயாளர் பிரிவில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்திருந்தால் இவை அத்தனையையும் பார்த்துவிடலாம்.

இந்த அதிகாரத்தை வாசிக்கும்போது, யார் யார் பேசுகிறார்கள் என்று கவனித்துக்கொண்டே வாருங்கள். சீரியாவின் படைத்தலைவனுடைய வீட்டில் பிரயோஜனமான செய்தியை வைத்திருந்தவள் ஒரு சிறு பெண். இஸ்ரவேல் தேசத்திலிருந்து சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்டு, எஜமானிக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்தவள். மனதில் கசப்பை வைத்திருக்க அவளுக்குக் காரணம் உண்டு. ஆனாலும் எஜமான் சுகமாகவேண்டும் என்று விரும்பினாள். சமாரியாவில் இருக்கிற தீர்க்கதரிசியிடம் போனால் குஷ்டம் நீங்கும் என்றாள்.

அவள் சொல் அரமனைக்குப் போனவுடன் என்ன ஆயிற்று? அவள் சொன்னது தீர்க்கதரிசியை. சீரியாவின் ராஜாவோ இஸ்ரவேலின் ராஜாவுக்குக் கடிதம் எழுதினான். ராஜாக்கள் ராஜாக்களோடுதான் பேசுவார்கள் போலும்! பத்துத் தாலந்து வெள்ளியும், ஆறாயிரம் சேக்கல் பொன்னும், பத்து மாற்று உடைகளும் தவறான வாசலில் போய் இறங்கின. கடிதத்தை வாசித்த ராஜா, இவன் சண்டைக்குக் காரணம் தேடுகிறான் என்று பயந்து உடையைக் கிழித்துக்கொண்டான். பின்பு யோர்தானில் ஏழுதரம் முழுகும்படி எலிசா ஆள் அனுப்பிச் சொன்னபோது நாகமான் கோபித்துப் புறப்பட்டான். அப்பொழுது அவனைத் திருப்பினவர்களும் வேலைக்காரர்களே. இந்த அதிகாரத்தில் பட்டமும் பதவியும் உள்ளவர்கள் பேசினதெல்லாம் குழப்பத்தில் முடிகிறது. அந்தச் சிறு பெண்ணுக்கும் அந்த வேலைக்காரருக்கும் வேதத்தில் பெயர்கூட இல்லை. (எலிசா அந்த வெள்ளியில் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை என்பதை, நன்கொடையாளர்களாகிய உங்களுக்கு எழுதும் இதழில் சற்றுத் தயக்கத்தோடுதான் குறிப்பிடுகிறோம்!)

நாகமானின் கோபத்தை நாம் எளிதாகக் குறைசொல்லிவிடுகிறோம். தமஸ்குவின் ஆறுகள் நல்ல ஆறுகள் என்று அவன் சொன்னது பொய்யல்ல. தாமிரபரணியில் குளித்து வளர்ந்தவனைக் கூப்பிட்டு, பக்கத்து ஊர்க் குளத்தில் போய் முழுகு என்றால் அவனும் இப்படித்தான் கேட்பான். தெரியாதவனுக்குக் கீழ்ப்படிதல் அவ்வளவு கடினமல்ல. ஏற்கெனவே கொஞ்சம் தெரிந்தவனுக்கு, அதிலும் தெரிந்தவன் என்று ஊர் ஒப்புக்கொண்டவனுக்கு, அது மிகவும் கடினம். ஏழுதரம் முழுகுகிறதற்குமுன் அவன் இரதத்தைவிட்டு இறங்கவேண்டியதாயிற்று.

நம்முடைய கடற்கரையிலேயே இப்படி இறங்கின ஒருவருடைய சரித்திரம் உண்டு. திருநெல்வேலிப் புராட்டஸ்டண்டுகளாகிய நம்முடைய பிரசங்கங்களில் அவர் பெயர் அதிகம் வருவதில்லை. அதுவும் ஒரு குறைதான். 1542-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். பாரிஸ் சர்வகலாசாலையில் படித்துப் பட்டம் பெற்று, அங்கேயே கற்றுக்கொடுக்கவும் செய்தவர். போப்பரசரின் பிரதிநிதி என்ற நியமனமும் அவருக்கு இருந்தது. கடற்கரையின் பரதவ மக்கள் அவருக்குமுன்பே, 1530-களில், கூட்டங்கூட்டமாய் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். ஆனால் அவர்களுடைய பாஷையில் ஜெபம் சொல்லிக்கொடுப்பாரில்லை. சவேரியாருக்கும் தமிழ் தெரியாது. இரண்டு பாஷையும் ஓரளவு தெரிந்தவர்களைக் கூட்டி, பல நாள் அவர்களோடு உட்கார்ந்து, விசுவாசப்பிரமாணம், பத்துக் கற்பனைகள், பரமண்டல ஜெபம் முதலானவைகளைத் தமிழில் ஆக்கினார். அவைகளை மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியடித்துத் தெருத்தெருவாய்ப் போய்ப் பிள்ளைகளைச் சேர்த்தார். வியாதிக்காரர் வீடுகளிலிருந்து அழைப்பு வந்து தாம் போக முடியாதபோது, பிள்ளைகளையே அனுப்பி ஜெபம் சொல்லச் செய்தார். மருத்துவமனைப் போதகர்களாகிய எங்களுக்கு இந்தச் செய்தி மிகவும் பிரியமானது.

அந்த மொழிபெயர்ப்பில் ஒரு பிழை இருந்தது. விசுவாசப்பிரமாணத்தில் ‘விசுவாசம்’ என்று நிற்கவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்ற சொல் நின்றது. தேவனை விசுவாசிக்கிறேன் என்று அறிக்கை செய்யவேண்டிய ஜனங்கள், எனக்கு வேணும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்! 1544-இல் தம் உடன் ஊழியரான பிரான்சிஸ்கோ மான்சில்லாஸுக்கு எழுதின கடிதத்தில், அந்தச் சொல்லை மாற்றி ‘விசுவாசம்’ என்று வைக்கும்படி சவேரியார் சொல்லியிருக்கிறார்.

இதை ஒரு மொழித் திருத்தமாக மாத்திரம் எண்ணிவிட வேண்டாம். மணியடித்துக் கூட்டி, நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு வரிவரியாய்ச் சொல்லிக்கொடுத்தாயிற்று. பிள்ளைகள் வீட்டில் போய்ப் பெற்றோருக்குச் சொல்லிவிட்டார்கள். இப்பொழுது அதே பிள்ளைகளுக்குமுன் நின்று, நான் கற்றுக்கொடுத்தது பிசகு, இனி இப்படிச் சொல்லுங்கள் என்று சொல்லவேண்டும். அந்தப் பிசகை எடுத்துக்காட்டினவர் தமிழ் தாய்மொழியாயுள்ள ஒருவராகத்தான் இருந்திருக்கவேண்டும். பாரிஸில் படித்தவராய் இருந்திருக்க முடியாது. பிசகு சிறியதுதானே, தேவன் இருதயத்தைப் பார்க்கிறார் என்று விட்டுவிடவும் வழி இருந்தது. அவர் விட்டுவிடவில்லை.

அவருக்குப் பின்வந்த என்ரீக்கே என்ரீக்கஸ் பாதிரியார் இந்தப் பாடத்தை இன்னும் நன்றாய்க் கற்றுக்கொண்டவர். 1547 முதல் இந்தக் கடற்கரையில் உழைத்தார். முதலில் மொழிபெயர்ப்பாளர்களை வைத்தே பேசினார். அது போதாது என்று கண்டு தமிழை ஒழுங்காய்ப் படித்தார். உடன் ஊழியர்கள் தங்களுக்குள்ளும் தமிழிலேயே பேசவேண்டும், தவறிப் போர்த்துக்கீசியம் பேசினால் தண்டனை என்று ஒரு ஏற்பாடும் செய்துகொண்டார்கள். தங்களுக்குள் பேசும்போதும் குழந்தைகளைப்போலத் தடுமாற அவர்கள் சம்மதித்தார்கள் என்று அர்த்தம். 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ என்ற பதினாறு பக்கச் சிறு புத்தகம் அவருடைய உழைப்பின் பலன். இந்தியாவில் இந்திய மொழி எழுத்தில் அச்சான முதல் புத்தகம் என்று அதைச் சொல்லுகிறார்கள். தம்பிரான் என்ற சொல்லைக் கவனியுங்கள். அது சைவரிடத்தில் வழங்கின சொல். தேவனைக் குறிக்க நல்ல சொல் எங்கே இருந்ததோ அங்கே கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

தாமிரபரணி கடலோடு சேருகிற புன்னைக்காயலில் அவர் ஒரு மருத்துவமனையையும் ஏற்படுத்தினார். நாசரேத்திலிருந்து அது தூரமல்ல. மர்காஷியஸ் ஐயரவர்கள் 1876-இல் நாசரேத்துக்கு வந்து, 1908-இல் மரிக்குமட்டும் இங்கே உழைத்ததை நம்மில் எல்லாரும் நன்றியோடே பேசுகிறோம். அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் முன்னே, ஏழை வியாதிக்காரருக்கென்று ஒரு வீடு பக்கத்திலேயே நின்றது என்பதையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

சரித்திரத்தை எழுதுவது எளிது. சில வருஷங்களுக்குமுன் எங்கள் ஆண்கள் வார்டில் நடந்த ஒரு காரியத்தையும் சொல்லவேண்டும்.

கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு மீனவர் சேர்க்கப்பட்டிருந்தார். சர்க்கரை வியாதியினால் காலில் புண். இரண்டு விரல்களை எடுக்கவேண்டியதாயிற்று. பாதம் தப்புமா என்று டாக்டர்கள் நாள்தோறும் கட்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மாலைதோறும் அவர் கட்டிலருகே நின்று வேதம் வாசித்து ஜெபித்தோம். ஜெபத்தின் முடிவில், இவரை உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம் என்று சொல்லுவது எங்கள் வழக்கம். மூன்றாம் நாளிலிருந்து அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சாப்பாட்டையும் தள்ளிவிட்டார். இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் என்ன ஆகும் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஒரு நாள் விடியற்காலையில் உடலெல்லாம் வியர்த்து, நினைவு தடுமாறி, குளுக்கோஸ் ஏற்றித்தான் அவரைத் திருப்பினார்கள். நாங்கள் எங்கள் சந்திப்புப் புத்தகத்தில் அவர் பெயருக்கு நேரே ‘மனக்கடினம்’ என்று எழுதிவைத்தோம்.

அந்த வார்டின் ஆயா, நெற்றியில் திருநீறு இட்டு வேலைக்கு வருகிற அம்மாள், பேசினைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் எங்களை நிறுத்தினார்.

“ஐயா, ஒண்ணு சொன்னா கோவிக்கக்கூடாது. அவுக சாப்பிடாம கெடக்கதுக்கு நீங்கதான் காரணம்.”

“நாங்களா?”

“தினமும் ஒப்புக்கொடுக்கோம், ஒப்புக்கொடுக்கோம்னு சொல்லுதிய. அவுக அப்பாவ அடக்கம் பண்ணையில சாமியார் அப்படித்தான் சொன்னாவளாம். டாக்டர் கைவிட்டுட்டாவ, அதான் ஐயா வந்து ஒப்புக்கொடுக்காவன்னு நெனச்சிக்கிட்டு இருக்காவ. சாவப்போறவனுக்கு எதுக்குச் சோறுன்னு ராத்திரி என்கிட்ட கேக்காவ.”

ஒப்புக்கொடுத்தல் என்பது ஜீவனுக்கும் உரியது, மரணத்துக்கு மாத்திரம் அல்ல என்று விளக்க வாயைத் திறந்தோம். யாருக்கு விளக்கம்? இறையியல் கல்லூரியில் படித்தோம். நற்கருணை ஆராதனை முறைமையையும் அடக்க ஆராதனை முறைமையையும் புத்தகம் பாராமல் சொல்லுவோம். ஆனால் அந்த இரண்டில் எதன் சொல் எங்கே கேட்கிறது என்பதைக் கட்டிலில் படுத்திருப்பவரின் காதிலிருந்து கேட்கத் தெரியவில்லை. அன்று அந்த அம்மாளுக்கு நன்றி சொல்லக்கூட எங்களுக்கு மனம் வரவில்லை. “சரிம்மா, பார்க்கிறோம்” என்று சொல்லிப் போய்விட்டோம். இரவில்தான் நாகமானின் இரதம் நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலையில் அவரைத் தேடிப்போய், “நாங்கள் எப்படி ஜெபிக்கலாம், நீங்களே சொல்லுங்கள்” என்று கேட்டோம். அவர் சிரித்துவிட்டார். “எனக்கென்ன தெரியும் ஐயா? அவுக பேரச் சொல்லுங்க. காலு ஆறணும், அது வேணும்னு கேளுங்க. பொறவு பக்கத்துல உக்காந்து ரெண்டு வாய் சாப்பிடச் சொல்லுங்க” என்றார்.

அப்படியே செய்தோம். சவேரியார் எடுத்துவிட்ட ‘வேணும்’ என்ற சொல் அன்று எங்கள் ஜெபத்தில் வந்து உட்கார்ந்தது. அந்த மனிதருக்கு அதுதான் சரியான சொல்லாயிருந்தது. டாக்டர் ஒருவரும் எங்களோடு வந்து, உம்மைக் கைவிடவில்லை என்று நேரே சொன்னார். அவர் சாப்பிட்டார். பாதம் தப்பியது. புத்தகத்தில் ‘மனக்கடினம்’ என்பதற்கு நேரே இருந்த பெயரை அடித்துவிட்டோம்.

இதைக் கேட்ட ஒரு சகோதரர், அப்படியானால் யார் எதைச் சொன்னாலும் கேட்டுக்கொள்வதா என்று எங்களிடம் கேட்டார். நல்ல கேள்வி. யாத்திராகமம் 18-இல் மோசேக்கு ஆலோசனை சொன்ன எத்திரோ மீதியானின் ஆசாரியன், இஸ்ரவேலன் அல்ல. காலைமுதல் மாலைமட்டும் ஒருவராய் உட்கார்ந்து நியாயம் விசாரித்தால் நீரும் சோர்ந்துபோவீர், ஜனங்களும் சோர்ந்துபோவார்கள் என்றான். (ஒரே டாக்டரை வைத்துக்கொண்டு நடக்கும் சிறிய மருத்துவமனைகள் எல்லாம் இந்தப் பகுதியை வாசிக்கவேண்டும்.) ஆனால் 23-ஆம் வசனத்தைக் கவனியுங்கள். தேவனும் இப்படிக் கட்டளையிட்டால் இதைச் செய்யலாம் என்று, தன் ஆலோசனையைத் தேவனுடைய சித்தத்துக்குக் கீழே அவனே வைக்கிறான். கீழ்ப்படிதல் மோசேக்கு எத்திரோவினிடத்தில் அல்ல, தேவனிடத்தில். தேவன் பேசின வாய்தான் எத்திரோவினுடையது. பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆயா சொன்னதையும் நாங்கள் அப்படியே சோதித்துப் பார்க்கலாம். குருடனிடம், உனக்கு என்ன செய்யவேண்டும் என்று நம்முடைய ஆண்டவரே கேட்டாரல்லவா?

அப்பொல்லோவின் காரியமும் இதை ஒட்டினதே. வேதாகமங்களில் வல்லவன், சொல்வன்மை உள்ளவன். அவனைத் தனியே அழைத்து, கூடாரத் தொழிலாளிகளான ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திட்டமாய் விளக்கினார்கள். சபை நடுவில் எழுந்து நின்று திருத்தவில்லை. தங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோனார்கள். திருத்துகிறவர்களுக்கும் தாழ்மை வேண்டும் என்பதற்கு இந்த ஒரு வசனம் போதும். எங்கள் ஆயாவும் வார்டுக்குள்ளே நோயாளிகள் கேட்கப் பேசவில்லை, வாசலில் நிறுத்தித்தான் சொன்னார் என்பது பிறகுதான் எங்களுக்கு விளங்கிற்று.

இப்பொழுது மாலை ஜெபத்துக்கு வார்டுக்குள் போகுமுன், பணியில் இருக்கும் ஆயாவிடமும் இரவுப் பணி சிஸ்டரிடமும் ஐந்து நிமிஷம் விசாரிக்கிறோம். யார் தூங்கவில்லை, யார் வீட்டிலிருந்து ஆள் வரவில்லை, யாருக்கு எந்தப் பேச்சு பிடிக்கவில்லை என்று அவர்கள் சொல்லுகிறதைக் குறித்துக்கொள்கிறோம். சில நாள் அவர்கள் சொல்லுவது எங்களுக்கு இன்னும் சுருக்கென்று தைக்கத்தான் செய்கிறது.

குடும்ப ஜெபத்தில் நினைத்துக்கொள்ள: எங்கள் ஆயாமார், துப்புரவுப் பணியாளர், இரவுக் காவலர் ஆகியோருக்காகவும், அவர்கள் பிள்ளைகளின் படிப்புக்காகவும் ஜெபியுங்கள். சர்க்கரை வியாதியால் காலில் புண்ணோடு வருகிற கடற்கரை மக்களுக்காக ஜெபியுங்கள். பலர் காலங்கடந்தே வருகிறார்கள். உங்கள் காணிக்கையில் ஒரு பகுதி அவர்களுடைய கட்டுத் துணிக்கும் மருந்துக்கும் செலவாகிறது.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்
நாசரேத்