பச்சை குத்திய புண்ணைப் பராமரித்தல்

பாடப்பகுதி: லேவியராகமம் 19:28, லூக்கா 10:30-37



நமது சபைகளின் வாலிபர்களில் பலர் இன்று பச்சை குத்திக்கொள்ளுகிறார்கள். டாட்டூ என்பது அவர்கள் வழங்கும் பெயர். மணிக்கட்டில் ஒரு சிலுவை, தோளில் ஒரு வசன எண், முன்கையில் தாயின் பெயர் என்று குத்திக்கொண்டு வருகிறார்கள். இது தகுமா, தகாதா என்று வீடுகளில் வாக்குவாதம் எழும்புகிறது. அந்த வாக்குவாதம் முடிவதற்குள் தோலில் உள்ள புண்ணை யார் கவனிப்பது? இம்மாதப் பாடத்தில் அதைக் குறித்துச் சிந்திப்போம்.

1. வேதம் சொல்லுவது என்ன?

லேவியராகமம் 19:28ஐ நாம் அடிக்கடி எடுத்துக் காட்டுகிறோம். அந்த வசனம் செத்தவர்களுக்காக உடலைக் கீறிக்கொள்ளுவதையும், உடலில் எழுத்துகளைப் பதித்துக்கொள்ளுவதையும் ஒன்றாகச் சேர்த்து விலக்குகிறது. சுற்றியிருந்த ஜாதிகளின் துக்கச் சடங்குகளிலிருந்து இஸ்ரவேலைப் பிரித்து வைப்பதே அதன் நோக்கம் என்று வேத அறிஞர் பலர் விளக்குகிறார்கள். இன்றைக்கும் அது அப்படியே பொருந்தும் என்று சொல்லுவோரும் உண்டு.

திருச்சபையின் வழக்கமும் எங்கும் ஒன்றாயிருக்கவில்லை. எகிப்திலுள்ள காப்டிக் கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாக வலது மணிக்கட்டில் சிறு சிலுவையைக் குத்திக்கொள்ளுகிறார்கள். எகிப்திலிருந்து வந்த ரஸூக் குடும்பத்தார் எருசலேமின் பழைய நகரில் யாத்திரிகர்களுக்குச் சிலுவை குத்தி வருகிறார்கள். தங்கள் தொழில் ஏறக்குறைய 700 ஆண்டுப் பழமையுடையது என்பது அவர்களுடைய கூற்று. நமது நாட்டிலும் பாட்டிமார்களின் கைகளில் பச்சைக் கோலங்களைக் கண்டிருக்கிறோம்.

ஆகவே குத்திக்கொள்ளலாமா என்ற கேள்வியை ஒவ்வொரு குடும்பமும் ஜெபத்தோடும் போதகரின் ஆலோசனையோடும் தீர்த்துக்கொள்ளட்டும். ஆனால் குத்தி முடிந்த பின்பு அது மருத்துவக் கவனிப்பு வேண்டிய ஒரு புண். இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

2. தோலில் நடப்பது என்ன?

பச்சை குத்தும் இயந்திரத்தின் ஊசி நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான, சில வேளைகளில் ஆயிரக்கணக்கான முறை தோலைத் துளைக்கிறது. மை மேல்தோலைக் கடந்து உட்தோலில் இறங்குகிறது. மேல்தோல் நாளும் உதிர்ந்து புதிதாகிறபடியால், மை அங்கே நின்றுவிட்டால் சில வாரங்களில் மறைந்துபோகும். உட்தோலில் இறங்கினதோ நிலைத்து நிற்கிறது. கிருமிகளை விழுங்கி நம்மைக் காக்கும் அணுக்கள் இந்த மையையும் அந்நியப் பொருளாகக் கண்டு விழுங்கி வைத்துக்கொள்ளுகின்றன. ஓர் அணு மடியும்போது அது விட்ட மையைப் புதிய அணு விழுங்குகிறது என்பதைப் பிரான்சு தேசத்து ஆராய்ச்சியாளர்கள் 2018இல் எலிகளில் காட்டினார்கள். பச்சை அழியாததின் இரகசியம் இதுவே.

ஆகவே பச்சை குத்திய இடம் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உள்ள திறந்த புண். முதல் இரண்டு மூன்று நாள் சிவந்து, வீங்கி, மை கலந்த நீர் கசியும். பிறகு பொருக்கு தட்டி உரியும், அரிக்கும். மேல்தோல் ஆற இரண்டு முதல் நான்கு வாரம் செல்லும். உள்ளே முழுவதும் ஆறச் சில மாதங்கள்கூட ஆகலாம்.

3. பராமரிக்கும் முறை

அ) புண்ணைத் தொடுமுன் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஆ) கட்டை எடுத்த பின்பு, நாளுக்கு இரண்டு முறை சுத்தமான வெதுவெதுப்பான நீராலும் வாசனையற்ற மென்மையான சோப்பாலும் கையினாலேயே மெதுவாகக் கழுவுங்கள். சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.

இ) வாசலின் அல்லது வாசனையற்ற களிம்பை மிக மெல்லியதாகத் தடவுங்கள். அப்பி வைத்தால் ஈரம் தங்கிப் புண் ஊறிவிடும்.

ஈ) மஞ்சள், சந்தனம், விபூதி, முகப்பவுடர், பற்பசை ஆகியவற்றைப் போடாதிருங்கள். சமையலறை மஞ்சள்தூள் கிருமி நீக்கப்பட்டதல்ல.

உ) பொருக்கை உரிக்காதிருங்கள், சொரியாதிருங்கள். அரித்தால் உள்ளங்கையால் மெல்லத் தட்டுங்கள்.

ஊ) தளர்ந்த பருத்தி உடை அணியுங்கள். ஆறும்வரை வெயில் படாமல் மூடிக் காத்துக்கொள்ளுங்கள்.

எ) மொண்டு ஊற்றிக் குளிக்கலாம். கிணறு, குளம், ஆறு, கடல், நீச்சல் குளம் ஆகியவற்றில் முழுவதும் ஆறும்வரை இறங்கலாகாது.

இந்தக் கடைசி விதியை அற்பமாக எண்ண வேண்டாம். 2017இல் ஒரு மருத்துவ இதழ் 31 வயதான ஒரு மனிதரைக் குறித்து எழுதியது. அவர் காலில் சிலுவையும் ஜெபிக்கும் கரங்களும் குத்திக்கொண்டார். ஐந்தாம் நாள் மெக்சிகோ வளைகுடாக் கடலில் நீந்தினார். கடல்நீரிலுள்ள ஒரு கிருமி புண்வழியாக உட்புகுந்தது. அவருக்கு முன்னமே ஈரல் நோய் இருந்தது. ஏறக்குறைய இரண்டு மாத சிகிச்சைக்குப் பின் மரித்துப்போனார். திருவிழாவுக்குப் போன இடத்தில் பச்சை குத்திக்கொண்டு, மறுநாளே கடலிலோ குளத்திலோ குளிக்கிற நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

4. தாமதிக்கக் கூடாத அடையாளங்கள்

சிவப்பு நாளுக்கு நாள் பரவுதல், வலியும் சூடும் கூடுதல், சீழ், துர்நாற்றம், காய்ச்சல், புண்ணிலிருந்து மேல்நோக்கி ஓடும் சிவந்த கோடு ஆகிய இவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே மருத்துவரிடம் வாருங்கள். ஆறினபின் சில வாரங்கள் கழித்துப் பருக்களோ கட்டிகளோ தோன்றினாலும் வாருங்கள். 2011-12இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில், மை தயாரிக்கும்போது கலந்த நீரில் கிருமி இருந்தபடியால் 19 பேருக்கு இப்படித் தோல்நோய் கண்டது.

சர்க்கரை நோய், இருதய வால்வு நோய் உள்ளவர்களும், ஸ்டீராய்டு மாத்திரை உண்பவர்களும் குத்திக்கொள்ளுமுன்னே மருத்துவரைக் கேட்க வேண்டும். ஒரே ஊசியும் ஒரே மைக்கிண்ணமும் பலருக்குப் பயன்படும் இடத்தில் ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, எச்.ஐ.வி. ஆகியவை பரவக்கூடும். நம் கண்முன்னே பிரித்த புதிய ஊசி அவசியம். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியும் தணுர்வாயு தடுப்பூசியும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பச்சை குத்திக்கொண்டவர் 12 மாதம் இரத்ததானம் செய்யலாகாது. சபைகளில் இரத்ததான முகாம் நடத்தும் வாலிபர் சங்கத்தார் இதை மறவாதிருப்பார்களாக.

5. மறைக்கப்பட்ட புண்

கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு வந்தாள். மணிக்கட்டில் விரலளவு சிலுவை. தகப்பனார் காணாதபடி ஒன்பது நாள் முழுக்கைச் சட்டைக்குள் மறைத்து, அழுந்தக் கட்டி வைத்திருந்தாள். கழுவவில்லை. தோழி சொன்னபடி மஞ்சளும் பவுடரும் பூசியிருந்தாள். கை வீங்கி, சீழ் கோத்து, காய்ச்சலோடு வந்தாள். செவிலியர் கட்டை அவிழ்க்கையில் அவள் எங்களைப் பார்த்துக் கேட்டது வலியைக் குறித்தல்ல. "ஐயா, எங்க அப்பாகிட்ட சொல்லிடுவீங்களா?" என்றாள்.

"முதல்ல கை ஆறட்டும்மா. அப்புறம் நீயே சொல்லு, நாங்க பக்கத்துல இருக்கோம்" என்றோம். நான்கு நாள் படுக்கையில் இருந்து மருந்து பெற்றுச் சுகமானாள். தகப்பனாரும் வந்தார். மகள் குத்திக்கொண்டதைவிட, தன்னிடம் சொல்லப் பயந்ததே அவரை அதிகமாய் வருத்தியது.

கிருமிக்கு மருந்து இருக்கிறது. பயத்தினால் இழந்துபோகும் நாட்களை மருந்து திருப்பித் தராது. எரிகோ சாலையில் குற்றுயிராய்க் கிடந்தவனைச் சமாரியன் கண்டபோது, இந்த வழியில் ஏன் தனியே வந்தாய் என்று அவன் கேட்டதாக லூக்கா எழுதவில்லை. கிட்ட வந்தான், காயங்களைக் கட்டினான், சத்திரத்துக்குக் கொண்டுபோனான், செலவையும் ஏற்றுக்கொண்டான். உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை புதிய பச்சையோடு வந்தால் முதலில் சுத்தமான நீரும் சோப்பும் எடுத்துக் கொடுங்கள். புத்திசொல்ல வேண்டியிருந்தால், புண் ஆறின பின்பு பட்சமாய்ச் சொல்லுங்கள். அப்பொழுது அந்தப் பிள்ளை அதைக் கேட்கும்.

கலந்துரையாட:

1. நம் பிள்ளைகள் எவ்விதமான காரியங்களை நம்மிடம் சொல்லப் பயப்படுகிறார்கள்? அந்தப் பயத்தில் நமக்குப் பங்கு உண்டா?

2. மேற்கண்ட ஏழு விதிகளில் நமது வீட்டு வழக்கத்துக்கு மாறானவை எவை?

3. நமது வாலிபர் கூட்டத்தில் ஒரு மருத்துவரையோ செவிலியரையோ அழைத்து இதைக் குறித்துப் பேசவைக்கலாமா?

ஜெபிப்போம்: புண்பட்டவர்கள் மறைந்துகொள்ளாமல் எங்களிடம் வரத்தக்கதாக, எங்கள் வீடுகளையும் மருத்துவமனையையும் காத்துக்கொள்ளும் ஆண்டவரே. ஆமென்.