அட்ரிபியூட்டுக்குப் பேர் வைக்கப் போறீங்களா? இதைப் படிச்சுட்டு வைங்க!

சொந்தமா ஒரு எச்டிஎம்எல் டேக் எழுதிட்டீங்க, சந்தோஷம். ஆனா அட்ரிபியூட்டுக்குப் பேர் வைக்கும்போது மட்டும் ஏன் இந்த அவசரம்? உள்ளே இருக்கிற கோடை நினைச்சப்ப மாத்திக்கலாம். பேரை நாலு பேர் தங்களோட பக்கத்தில் எழுதிட்டாங்கன்னா, அப்புறம் கை வைக்க முடியாது.

1. இருக்கிற பேரையே எடுங்க. வேல்யூ, நேம், டிஸேபிள்டு, மின், மேக்ஸ் எல்லாம் எல்லாருக்கும் மனப்பாடம். பேர் அதுன்னா வேலையும் அதேதான் செய்யணும், சொல்லிட்டேன்.

2. டைட்டில், ஹிடன், ஸ்டைல், ஸ்லாட்: இந்தப் பேர்கள் பக்கமே போகாதீங்க. எல்லா டேகுக்கும் பொதுவானவை. கார்டு தலைப்புக்கு 'டைட்டில்'னு வைச்சா, மவுஸ் மேலே போகும்போதெல்லாம் அதே தலைப்பு குட்டிப் பெட்டியா எட்டிப் பார்க்கும். 'ஹெடிங்'னு வைங்க, தொல்லை விட்டது. இன்னிக்குக் காலியா இருக்கிற பேரும் நாளைக்குப் பொதுவாகலாம். 'பாப்ஓவர்' 2023-ல் குரோமுக்கு வந்தது அப்படித்தான்.

3. கேபிடல் எழுத்து வேண்டவே வேண்டாம். எச்டிஎம்எல்லில் எழுதுற பேரை பிரவுசர் சின்ன எழுத்தாக்கிடும். எந்த அட்ரிபியூட்டைக் கவனிக்கணும்னு சொல்ற 'அப்சர்வ்டு அட்ரிபியூட்ஸ்' பட்டியலில் நீங்க கேபிடல் போட்டிருந்தா, மதிப்பு மாறினதே உங்க ஃபங்ஷனுக்குத் தெரியாது. எரரும் வராது, ராத்திரி முழுக்கத் தேடுவீங்க. ரெண்டு வார்த்தைன்னா நடுவில் ஹைஃபன் போடுங்க.

4. ஆமா-இல்லை சமாச்சாரத்தில்தான் நிறைய பேர் சறுக்குறாங்க. டிஸேபிள்டுக்கு நேரே 'ஃபால்ஸ்'னு எழுதினாலும் பட்டன் செத்துதான் கிடக்கும். அங்கே என்ன எழுதியிருக்குன்னு பிரவுசர் பார்க்காது. அட்ரிபியூட் இருந்தாலே 'ஆமா'ன்னு அர்த்தம். அதனால எழுதாம விட்டா எது நடக்கணுமோ, அதுக்கு எதிர்ப்பக்கமா பேர் வைங்க. உங்க டயலாக் பெட்டியில் மூடுற பட்டன் எப்பவும் இருக்கும்னா, 'க்ளோஸபிள்'னு வைச்சு என்ன பிரயோஜனம்? அதை எடுக்க வழியே இல்லையே! 'நோ-க்ளோஸ்'னு வைங்க. ஏரியா-ஹிடன் மாதிரி ஏரியா வகை வேற கதை, அங்கே ட்ரூ, ஃபால்ஸ் எழுதித்தான் ஆகணும்.

5. 'ஆன்'னு தொடங்குற பேர் வேண்டாம், அது ஈவென்ட்டுக்கு உரியது. 'டேட்டா-'வையும் பக்கம் எழுதுறவங்களுக்கே விட்டுடுங்க.

ஏற்கெனவே வெளியே விட்ட பேர் சரியில்லையா? திடீர்னு தூக்காதீங்க. பழசு, புதுசு ரெண்டும் கொஞ்ச நாள் வேலை செய்யட்டும். பழசை எழுதுறவங்களுக்கு கன்சோலில் ஒரு வரி எச்சரிக்கை போடுங்க, அடுத்த பெரிய வெர்ஷனில் எடுத்துக்கலாம்.