கப்பல் பியானோவில் கை வைக்கலாமா?

வாசிக்கலாம், ஆனால் கேட்டுவிட்டு. க்ரூஸ் கப்பல்களுக்கெல்லாம் பொதுவான ஒரே ரூல் கிடையாது. ஒரு கப்பலில் பியானோ மூடி நாள் முழுக்கத் திறந்தே இருக்கும். இன்னொன்றில் ஷோ முடிந்ததும் பூட்டிவிடுவார்கள். பொழுதுபோக்காக இரண்டு பாட்டு வாசிக்க நினைப்பவருக்கு இது போதும். இசையை வேலையாக்க நினைப்பவர் தொடர்ந்து படியுங்கள். அந்தப் பியானோ யாரோ ஒருவரின் பணியிடம். அடுத்த கான்ட்ராக்ட்டில் அங்கே நீங்கள் உட்காரலாம்.

1. எந்தப் பியானோ என்று முதலில் பாருங்கள். கார்னிவல் கப்பல்களில் ‘பியானோ பார் 88’, ராயல் கரீபியனில் ‘ஸ்கூனர் பார்’, ஹாலந்து அமெரிக்காவில் ‘பில்போர்டு ஆன்போர்டு’ என்று பியானோவுக்காகவே நடக்கும் இடங்கள் உண்டு. மாலையில் அங்கே சம்பளத்துக்கு வாசிப்பவர் இருப்பார், ஒதுங்கியே இருங்கள். தியேட்டர் மேடையையும் தொடாதீர்கள். அங்கே மைக், மானிட்டர் எல்லாம் செட் செய்து வைத்திருப்பார்கள். உங்களுக்கான வாய்ப்பு பகலில் காலியாக இருக்கும் லவுஞ்சில்தான். அதிலும் கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நாள் சிறந்தது. பாதிப் பேர் ஊர் சுற்றப் போயிருப்பார்கள்.

2. கெஸ்ட் சர்வீசஸ் கவுன்டரில் கேளுங்கள். “வாசிக்கலாமா?” என்று மட்டும் கேட்டால், தெரியாத ஊழியர் “முடியாது” என்று சொல்லிவிடுவார். “எந்தப் பியானோ எத்தனை மணிக்கு ஃப்ரீ? க்ரூஸ் டைரக்டர் டீமிடம் கேட்டுச் சொல்ல முடியுமா?” என்று கேளுங்கள். பூட்டியிருந்தால் வாதாட வேண்டாம். கடல் ஈரமும் ஏசி குளிரும் மாறி மாறித் தாக்கும் வாத்தியம் அது. நடுக்கடலில் ட்யூனரைக் கூப்பிட முடியாது.

3. உட்கார்ந்தால் பத்து நிமிடம் போதும். முழுசாகத் தெரிந்த மூன்று பாடல்கள், அதுவும் மெதுவாக. ஸ்கேல் பயிற்சி வேண்டாம், பாதியில் நிறுத்தித் திருத்துவதும் வேண்டாம். மூடி மேல் கிளாஸ் வைக்காதீர்கள். டிஜிட்டல் பியானோவாக இருந்தால் ஸ்விட்ச், செட்டிங் எதையும் மாற்றாதீர்கள். பக்கத்து மேஜைக்காரர் முகம் சுளித்தால் எழுந்துவிடுங்கள். கப்பலில் வேலை செய்கிறவர்கள் கவனிப்பது உங்கள் விரல் வேகத்தை மட்டுமல்ல. இடம் அறிந்து நடந்துகொள்கிறீர்களா என்பதையும்தான்.

4. கப்பல் பியானிஸ்ட்டோடு பழகுங்கள். செட் நடுவில் போய் “நானும் வாசிப்பேன்” என்பது மோசமான அறிமுகம். ஒரு மாலை முழுக்கக் கேளுங்கள், டிப்ஸ் வையுங்கள், பிரேக்கில் பேசுங்கள். எந்த ஏஜென்சி, ஆடிஷனில் என்ன கேட்டார்கள், கான்ட்ராக்ட் எத்தனை மாதம், கேபின் தனியா பகிர்வா? இணையத்தில் எளிதில் கிடைக்காத தகவல் இது.

5. இப்போது ஸ்கில். கப்பலில் ‘பியானிஸ்ட்’ என்பது ஒரே வேலை அல்ல. பியானோ பாரில் வாசிப்பவர் பாடவும் வேண்டும், கூட்டத்தோடு கலகலவென்று பேசவும் வேண்டும். துண்டுச்சீட்டில் என்ன பாட்டு வந்தாலும் சமாளிக்க வேண்டும். பாடாதவர்கள் லவுஞ்சையோ ஷோ பேண்டையோ குறிவைப்பது நல்லது.

ஷோ பேண்டில் நிலைமையே வேறு. கெஸ்ட் பாடகர் மதியம் சார்ட்டைக் கொடுப்பார், இரவு ஷோ. அங்கே உங்களைக் காப்பாற்றுவது முன்பின் பார்க்காத தாளை அப்படியே வாசிக்கும் சைட் ரீடிங்கும், க்ளிக் ட்ராக்கோடு ஒட்டி வாசிக்கும் பழக்கமும்தான். நம் ஊரில் கிரேடு சர்ட்டிஃபிகேட்டை நம்பி விண்ணப்பிப்பவர்கள் சறுக்கும் இடம் இது. இந்த கிரேடு தேர்வுகளை நடத்தும் ஏபிஆர்எஸ்எம் 2020-இல் கொண்டுவந்த பெர்ஃபார்மன்ஸ் கிரேடில் சைட் ரீடிங் தேர்வே கிடையாது. நான்கு பாடல்களை மாதக்கணக்கில் மெருகேற்றி எட்டாம் கிரேடு வாங்கியவர், புதுத் தாளைப் பார்த்ததும் திணறலாம். அந்த வழியில் வந்தவரா நீங்கள்? இன்றிலிருந்து தினமும் பார்க்காத ஒரு பக்கத்தை, நிறுத்தாமல், மெட்ரோனோமோடு வாசியுங்கள். பாடகருக்காக சுருதி மாற்றி வாசிக்கவும் பழகுங்கள். ஏஜென்சிக்கு அனுப்பும் டெமோ வீடியோவில் எடிட்டிங் வேண்டாம். ஒரே டேக்கில், கைகளும் முகமும் தெரிய எடுங்கள்.

6. கையெழுத்துப் போடும் முன், முதலாளி யார் என்று பாருங்கள். 1912-இல் டைட்டானிக்கில் இறந்த எட்டு இசைக்கலைஞர்களும் ஒயிட் ஸ்டார் கம்பெனியின் நேரடி ஊழியர்கள் அல்லர். லிவர்பூல் ஏஜென்சி ஒன்று அனுப்பிவைத்தவர்கள். இரண்டாம் வகுப்புப் பயணிகளாகக் கணக்கில் இருந்தார்கள். குடும்பங்கள் இழப்பீடு கேட்டபோது கப்பல் கம்பெனியும் ஏஜென்சியும் கைவிரித்தன. ஒரு வயலின் கலைஞரின் தந்தைக்கு, மகனுடைய சீருடைச் செலவு பாக்கி என்று ஏஜென்சி பில் அனுப்பியது. எனக்கு இன்றும் ஆறாத கோபம் தரும் சம்பவம் இது.

இன்று உங்களுக்குச் சட்டத்தின் துணை இருக்கிறது. கடல் தொழிலாளர் உடன்படிக்கை 2006, அதாவது எம்எல்சி, எழுத்துபூர்வ வேலை ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்குகிறது. சம்பளம், வேலை நேரம், ஊர் திரும்பும் செலவு எல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று வரி வரியாகப் படியுங்கள். இந்தியாவில் கப்பலுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சிக்கு மத்திய அரசின் கப்பல் துறை அமைப்பான டிஜி ஷிப்பிங் தரும் ஆர்பிஎஸ்எல் லைசென்ஸ் இருக்க வேண்டும். எம்எல்சிப்படி வேலை வாங்கித் தர உங்களிடம் கட்டணம் வசூலிக்கக் கூடாது. பாஸ்போர்ட், மருத்துவச் சான்று, கடற்பணியாளர் புத்தகம் ஆகியவற்றின் செலவு உங்கள் தலையில் விழலாம். விசா செலவு கப்பல் கம்பெனியுடையது. ‘டெபாசிட்’ என்று கேட்கும் ஏஜென்ட்டோடு பேச்சை அங்கேயே முடித்துவிட்டு, லைசென்ஸ் உள்ள அடுத்த ஏஜென்சிக்கு டெமோவை அனுப்புங்கள்.