உறவினரிடம் பழங் காமிரா வாங்குதல்

புதுப்பொருளைக் கடையில் வாங்குவோர்க்குக் கவலைகள் இரண்டு: ஒன்று விலை, மற்றொன்று தரம். பழம்பொருளை வாங்குவோர்க்கு மூன்றாவதும் ஒன்று சேர்கிறது. அப்பொருள் இதுகாறும் பட்ட பாடு யாது என்பதே அது. அப்பழம்பொருளையும் உறவினர் ஒருவரிடம் வாங்க நேரின், நான்காவது கவலையொன்று தோன்றி, முன்னைய மூன்றையும் வாய்திறவாவண்ணம் அடக்கிவிடுகிறது. “இவரிடம் எவ்வாறு குறை கூறுவது?” என்னும் கூச்சமே அது. சென்ற கோடை விடுமுறையில் இந்நான்கும் ஒருங்கே எனக்கு நேர்ந்தன. அவற்றினிடையே யான் கண்ட முறை, பழங் காமிராக்களை நாடும் நம் கல்லூரி நண்பர் சிலர்க்கேனும் பயன்படக்கூடுமாதலின், அதனை ஈண்டு எழுதத் துணிந்தேன்.

என் தாயாரின் மூத்த தமையனார் ஓய்வுபெற்ற பள்ளியாசிரியர். அவர் 1981-ஆம் ஆண்டில், சென்னைப் பர்மா பஜாரில், தம் மூன்று மாதச் சம்பளத்தைச் சேர்த்துக் கொடுத்து ஜப்பானியக் காமிரா ஒன்றை வாங்கினார். எங்கள் குடும்பத்தில் அதன்பின் நிகழ்ந்த திருமணம், திருமுழுக்கு, புதுமனை புகுதல் அனைத்திற்கும் அதுவே சாட்சி. என் பாட்டியார் சிரித்த முகத்துடன் காணப்படும் படம் ஒன்றே ஒன்று. அதுவும் அக்காமிராவால் எடுக்கப்பட்டதே. சென்ற மே மாதம் அவர் என்னை அழைத்து, “மருமகனே, இரண்டு ஆண்டுகளாக நான் எடுக்கும் படங்களெல்லாம் கலங்கி வருகின்றன. மூக்குக்கண்ணாடியை மாற்றியும் பயனில்லை. என் கண் போயிற்று; இனி இது எனக்கு எதற்கு? ஐயாயிரம் ரூபாய் கொடுத்து நீ எடுத்துக்கொள். சும்மா தரமாட்டேன், சும்மா கிடைத்ததை எவனும் பேணுவதில்லை” என்றார்.

என் கையில் எண்ணாயிரம் ரூபாய் இருந்தது. சிறுவர்க்கு மாலைநேரத்திற் பாடஞ் சொல்லி ஈட்டிய அப்பணத்தைச் சங்க நூற்பதிப்புகள் வாங்குதற்கென வைத்திருந்தேன். நூலோ காமிராவோ என்பது ஒருபுறம். மாமா கேட்ட விலையை மறுபேச்சின்றிக் கொடுப்பதா, குறை தேடி விலை குறைப்பதா என்பது மற்றொருபுறம். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்தலாகாது என்பது பழமொழி. விலைக்கு வரும் மாட்டைப் பாராமல் வாங்குதலாகாது என்பது அதனுள் அடங்கிய மறுபாதி. ஆதலின், “பார்த்துவிட்டுச் சொல்லட்டுமா, மாமா?” என்றேன். “பாராமல் வாங்குவாயானால் உனக்கு விற்கமாட்டேன்” என்று அவர் நகைத்தார்.

இனி, அக்காமிரா எவ்வகையினது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். அது தூரமானிக் காமிரா, அஃதாவது ரேஞ்ச்பைண்டர் எனப்படும் இனத்தைச் சேர்ந்தது. அதன் முகப்பில் சில சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு சிறு பலகணிகள் உள்ளன. ஒன்றின் வழியே நாம் நேரே பார்க்கிறோம். மற்றொன்றின் வழியே புகும் ஒளி திருப்பப்பட்டு, நாம் காணும் காட்சியின் நடுவிலுள்ள ஒரு சிறு கட்டத்தில் வந்து சேர்கிறது. எனவே அக்கட்டத்தினுள் ஒரே பொருள் இரண்டாகத் தோன்றும். லென்சின் வளையத்தைத் திருப்பினால் ஓர் உருவம் நகர்ந்து மற்றதனோடு பொருந்தும். பொருந்திய இடத்தில் லென்சும் அப்பொருளின் தூரத்திற்கு அமைந்துவிடும். அடிக்கோடு ஒன்றின் இரு முனைகளிலிருந்து பார்த்துக் கோணத்தால் தூரத்தைக் கணிக்கும் நில அளவையாளரின் முறையே இது. அடிக்கோடு சிறியதாகையால், உள்ளேயுள்ள உறுப்பு மயிரிழை பிறழினும் தூரம் பிழைபடும் என்பதை நினைவிற் கொள்க.

இவ்வினத்தின் வரலாறும் சுவையுடையது. திரைப்படத்திற்குரிய 35 மில்லிமீட்டர்ச் சுருளில் நிழற்படம் எடுக்கும் சிறு காமிராவை ஜெர்மானியரான ஆஸ்கர் பர்னாக் வகுத்தார். அது 1925-இல் லைக்கா என்னும் பெயருடன் விற்பனைக்கு வந்தது. லென்சோடு இணைந்த தூரமானி, 1932-இல் லைக்கா இரண்டாம் வகையிலும், அதே ஆண்டில் வெளிவந்த கான்டாக்ஸ் காமிராவிலும் அமைந்தது. தூரமானியையும் காட்சிப் பலகணியையும் ஒரே கண்துளையில் இணைத்த லைக்கா எம் 3, 1954-இல் வந்தது. ஜப்பானியர் இவ்வமைப்பை நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டும் விலையிற் செய்தனர். கானன் நிறுவனம் 1961-இல் வெளியிட்ட கானோனெட் அவ்வகையிற் புகழ்பெற்றது. 1959-இல் தோன்றிய நிக்கான் எப் போன்ற, லென்சின் வழியாகவே பார்க்கும் காமிராக்கள் பெருகவே, தூரமானிக் காமிராக்கள் மெல்ல மெல்லப் பின்னிடைந்தன. ஆயினும் அவை அடியோடு மறையவில்லை. லைக்கா நிறுவனம் தன் பழைய எம் 6 வகையை 2022-இல் மீண்டும் வெளியிட்டது.

இதன் நலன்கள்: எழுந்து விழும் கண்ணாடி உள்ளே இன்மையால் ஓசை குறைவு, படம் பதியும் கணத்திலும் காட்சி மறையாது. குறைகள்: நாம் பார்ப்பது லென்சின் வழியாக அன்று, ஆதலின் மூடியை எடுக்க மறந்து முழுச்சுருளையும் வீணாக்குவாரும் உளர். மிக அண்மையிலுள்ள பொருளைப் படமெடுக்கும்போது, கண் காணும் எல்லையும் லென்ஸ் காணும் எல்லையும் வேறுபடும். பூவையும் பூச்சியையும் நெருங்கி எடுக்க விரும்புவோர்க்கு இக்காமிரா ஏற்றதன்று.

இவற்றை அறிந்தபின் சோதனையில் இறங்கினேன். அது வருமாறு:

முதலாவது, லென்ஸ். பின்மூடியைத் திறந்து, ஷட்டரைத் திறந்த நிலையில் நிறுத்தி, டார்ச் ஒளியை உட்செலுத்திப் பார்த்தல் வேண்டும். சிறு தூசியும் மெல்லிய கீறலும் படத்தைப் பெரிதும் கெடா. சிலந்திவலை போற் படர்ந்த பூஞ்சையே அஞ்சத்தக்கது. ஈரக்காற்று மிகுந்த நம் ஊர்களில் அது எளிதிற் பற்றும். மாமா தம் காமிராவை ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொட்டணத்துடன் தகரப்பெட்டியில் வைத்திருந்தமையால் லென்ஸ் தெளிவாகவே இருந்தது.

இரண்டாவது, ஷட்டர். எல்லா வேகங்களிலும் இயக்கிப் பார்த்தல் வேண்டும். பழைய எண்ணெய் இறுகியிருப்பின் கால் வினாடி, எட்டில் ஒரு வினாடி முதலிய மெதுவேகங்களே முதலில் தடுமாறும். இதிலும் கால் வினாடி சிறிது இழுத்தது.

மூன்றாவது, பின்மூடியின் ஓரத்திலுள்ள நுரைப்பஞ்சு. இது ஒளி புகாமற் காப்பது. ஆண்டுகள் செல்லக் கரிய பிசினாகிவிடும். இதுவும் அவ்வாறே ஆகியிருந்தது. இக்குறை சிறிது, குறைந்த செலவிற் புதிது ஒட்டலாம்.

நான்காவது, மின்கலம். அக்காலத்துக் காமிராக்கள் பலவும் 1.35 வோல்ட்டுப் பாதரச மின்கலத்தால் ஒளியை அளந்தன. பாதரசத்தின் தீங்கு கருதி அவை விலக்கப்பட்டுவிட்டன. அவற்றிற்கு ஈடாக 1.5 வோல்ட்டு மின்கலம் இட்டால் அளவை பிழைபடக்கூடும். செவிக்கருவியில் இடும் துத்தநாகக்காற்று மின்கலம் ஏறத்தாழ ஒத்துவரும், ஆனால் சில வாரங்களே உழைக்கும். மாமாவின் காமிராவில் ஷட்டர் மின்கலமின்றியே இயங்குவது. ஆதலின் ஒளியளவியை நம்பாமலும் படமெடுக்கலாம். 1966-இல் வெளிவந்த யாஷிகா எலெக்ட்ரோ 35 போன்றவற்றிற்கோ மின்கலமின்றி நாம் வேண்டும் வேகம் அமையாது. வாங்குவோர் இவ்வேற்றுமையை மறவாதிருத்தல் நன்று.

ஐந்தாவது, தூரமானி. தொலைவிலுள்ள கோபுரத்தையோ மலையுச்சியையோ நோக்கி, வளையத்தை முடிவிலிக் குறியில் வைத்தால், இரு உருவங்களும் ஒன்றாதல் வேண்டும். எங்கள் ஊர்க் கோயிற்கோபுரத்தை நோக்கினேன், உருவங்கள் ஒன்றவில்லை. மாமாவின் கண்ணுக்கு அன்று, இளைஞனான என் கண்ணுக்கே ஒன்றவில்லை! அப்பொழுதே எனக்கு ஓர் ஐயம் பிறந்தது.

அவ்வையத்தைத் தீர்க்கச் சுருளொன்றை வாங்கினேன். மாலை நிழலில் செய்தித்தாளொன்றைச் சுவரில் ஒட்டி, நாடாவால் சரியாக இரண்டு மீட்டர் அளந்து, காமிராவை மேசைமேல் நிறுத்தி, லென்சின் துவாரத்தை முழுதும் திறந்து இரண்டு படங்கள் எடுத்தேன். முதற்படத்திற்குத் தூரமானியைப் பார்த்து உருவங்களை ஒன்றுவித்தேன். இரண்டாவதற்குத் தூரமானியைப் பாராமல், வளையத்தில் பொறித்துள்ள இரண்டு மீட்டர்க் குறியில் வைத்தேன். சுருள் கழுவப்பட்டு வந்தபோது, முதற்படத்தில் எழுத்துகள் கலங்கியிருந்தன; இரண்டாவதில் சிற்றெழுத்தும் படிக்கக் கிடந்தது. லென்சில் பிழையில்லை, தூரமானியே பிறழ்ந்தது என்பது இதனால் தெளிவாயிற்று.

இங்கேதான் என் உள்ளம் இருபாற்பட்டது. இக்குறையைப் பெரிதாக்கிக் கூறின், மூவாயிரத்திற்கும் வாங்கலாம். கூறாது மறைத்து ஐயாயிரமும் கொடுப்பின், மாமாவின் மனம் நோகாது. நானும் நல்ல மருமகன் எனப்படுவேன். ஆனால் இவ்விரண்டிலும், தம் கண் போயிற்று என்ற தவறான எண்ணத்திலேயே அவர் எஞ்சிய நாட்களைக் கழிப்பார். கெட்டது கண்ணன்று, காமிராவே என்பதை அறிந்தவன் நான் ஒருவன். அறிந்து வாளாவிருத்தல் எவ்வாறு?

இரண்டு படங்களையும் எடுத்துச்சென்று அவர்முன் வைத்தேன். நெடுநேரம் பார்த்தார். பின்னர், “இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்யாண வீட்டில் பெஞ்சிலிருந்து கீழே விழுந்தது. வெளியே ஒன்றும் தெரியவில்லை, விட்டுவிட்டேன்” என்றார். அதன்பின் அவர் தம் கண்ணைப்பற்றி ஒன்றும் கூறவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் அணிந்துகொண்டார்.

நகரில் பழங் காமிராக்களைச் செப்பனிடும் முதியவர் ஒருவர் தூரமானி, ஷட்டர், நுரைப்பஞ்சு மூன்றையும் சீர்செய்ய 1,800 ரூபாய் கேட்டார். மாமாவே அதனைக் கொடுத்தார். “விலை பேசிய பொருளை விற்கவில்லை என்று வருந்தாதே” என்றார். நான் வருந்தவில்லை. காமிரா அவரிடமே இருக்கிறது. விடுமுறைகளில் எனக்கு இரவல் கிடைக்கும். என் பணம் முன்பு எண்ணியவாறே நூல்களாயிற்று.

வாங்கியிருப்பினும் வேறொரு கணக்கை நான் நேர்கொண்டிருத்தல் வேண்டும். உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை ‘இந்து’ என்னும் பெயரால் சுருள் வழங்கிய காலம் கழிந்துவிட்டது. நான் விசாரித்த கடையில், அயல்நாட்டு வண்ணச்சுருள் ஒன்றும் அதனைக் கழுவிப் படியெடுக்கும் கூலியும் சேர்த்து 1,500 ரூபாய் என்றனர். சுருளில் 36 படங்களாதலின், படமொன்றிற்கு ஏறத்தாழ 42 ரூபாய். ஆண்டிற்கு நான்கு சுருள் எடுப்பினும் 6,000 ரூபாய். காமிராவின் விலையினும் அது மிகுதி. காமிராவை ஒருமுறை வாங்குகிறோம். சுருளையோ என்றும் வாங்குகிறோம். இக்கணக்கை முன்னரே போடாதவர் காமிராவை அலமாரிக்கே வாங்குகிறவராவர்.

ஆகவே நண்பர்காள், உறவினரின் பழங் காமிரா உங்கள்முன் வருமாயின், மூன்று வினாக்களை நுமக்குள் எழுப்புக. இதனை நான் உண்மையாகவே பயன்படுத்துவேனா? பயன்படுத்தும் செலவை ஆண்டுதோறும் தாங்குவேனா? இதன் நலத்தையும் குறையையும் உடையவர் அறியக் கூறினேனா? முதலிரண்டும் நும் பணத்தைக் காக்கும். மூன்றாவது உறவைக் காக்கும். சிலபோது அதற்கு மேலும் ஒன்றைக் காக்கும். குறை காணுதல் வேறு, குறை கூறி விலை அடித்தல் வேறு. கண்டதைக் கண்டவாறு கூறுதற்கு உறவு தடையாகாது. உறவினரிடமன்றி வேறு யாரிடம் நாம் அவ்வாறு கூறக் கடமைப்பட்டுள்ளோம்?